முதல் துளைக்கு முன்

"இப்போதைக்கு ஆய்வுதானே? நாலு துளை போட்டுப் பார்ப்பதால் என்ன கெட்டுவிடும்?" மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனதிலிருந்து, தெரிந்தவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் துளையிடும் ரிக்கின் பக்கத்தில் கழித்த நிலவியலாளன் நான். கெடும் என்பதே என் பதில். கெடாமல் செய்யவும் வழி உண்டு. ஆனால் அதற்கான கேள்விகளை முதல் துளைக்கு முன்பே கேட்டாக வேண்டும்.

அந்த ஏலம் கூட்டு உரிமத்துக்கானது. தேடவும் பிறகு தோண்டவும் சேர்த்து ஒரே உரிமம். நிலத்தடியில் கனிமம் எந்த அளவுக்கு உறுதிப்பட்டிருக்கிறது என்பதை ஜி4 தொடங்கி ஜி1 வரை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். ஜி4 வெறும் நோட்டம்தான். அந்த நிலையிலேயே ஏலம் விட இப்போது விதி இடம் தருகிறது. ஏலம் எடுத்தவர் துளையிட்டுத் தாது இருப்பதை முறைப்படி நிரூபித்துவிட்டால், சுரங்கக் குத்தகை பெறுவது அவருடைய உரிமை என்கிறது 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம். அந்த ஏலத்தின்போது இருந்த விதிப்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பதோ சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போதுதான். தேடல் கட்டத்தில் அது கிடையாது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் நாளில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் உரிமை வந்து சேர்ந்திருக்கும்.

அந்தப் பகுதியிலுள்ள அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி மக்கள் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தத் தொகுதிக்குள், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேரும் அடக்கம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உணர்ச்சிவசப்பட்டார்கள் என்று அவர்களைச் சொன்னவர்கள் உண்டு. என் கணக்கில், சட்டம் இருந்த நிலையில் பேசுவதற்குச் சரியான நேரம் அதுதான்.

சரி, துளை போட்டால் என்ன ஆகிறது? நாங்கள் வழக்கமாகப் போடும் துளையின் விட்டம் 76 மில்லிமீட்டர்தான். வைரம் பதித்த பிட் பாறையை வளையமாக அறுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் நிற்கும், 'கோர்' எனப்படும் உருளைக் கல்லை மேலே எடுத்து ஆழம் குறித்துப் பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். எந்த ஊரில் ரிக்கை நிறுத்தினாலும் யாராவது ஒரு பெரியவர் வந்து, "தண்ணி வருமாய்யா?" என்று கேட்பார். அந்தக் கல்லைக் காட்டி விளக்குவோம். பார்த்துவிட்டு, "அப்ப எங்க கிணறு என்னாகும்?" என்பார். அனுமதிக் கோப்பைப் பரிசீலிக்கும் அதிகாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

துளை சின்னது. ஆனால் ரிக் நிற்கச் சமதளம் வேண்டும், அது வந்துபோகப் பாதை வேண்டும், பிட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், திரும்பிவரும் சேற்று நீரைத் தேக்கக் குழி வேண்டும். சல்பைடு தாது கலந்த பாறைத்தூள் காற்றும் ஈரமும் பட்டுக் கிடந்தால் அமிலம் கசியலாம். இவற்றைவிட எனக்குப் பெரிய கவலை, துளை வெட்டிச் செல்லும் நீர்ப்படுகைகள். மேலே நல்ல தண்ணீர், கீழே உவர் நீர், நடுவில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் களிமண் படுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடாத ஒரு துளை போதும், இரண்டும் கலக்க வழி பிறந்துவிடும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் ஓடும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தண்ணீருக்காகப் போட்ட துளையில்தான் அங்கே கறுப்புப் பொருள் மேலே வந்தது. ஒரு துளை எந்தப் படுகையை எட்டும் என்பது போடுகிறவர் நினைப்பதைப் பொறுத்ததல்ல.

அதனால் வேலை முடிந்ததும் துளையை அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் கூழோ பென்டோனைட் களிமண்ணோ இறக்கி அடைக்க வேண்டும். வாயில் ஒரு கல்லை வைத்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போவது அடைப்பதாகாது. அப்படி விட்டுப்போன துளைகளை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளில் புல் முளைத்துவிடும், இடம் யாருக்கும் தெரியாது. ஒதுக்கிவைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது, சேற்றுக் குழியைச் சுத்தம் செய்து மூடுவது, பாதையை உழுது விடுவது எல்லாம் இதோடு சேர்ந்த வேலைகள். செலவும் அதிகமில்லை. யாராவது வந்து சரிபார்ப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால் போதும், ஒழுங்காக நடக்கும்.

சுரங்கம் என்றாகிவிட்டால் மீட்பின் கணக்கே வேறு. சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீர்படுத்தும் திட்டத்தை இந்தியச் சுரங்கப் பணியகம் பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. அதற்கான நிதி உத்தரவாதம், 2021 திருத்தத்துக்குப் பிறகு, 'ஏ' வகைச் சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். ஒரு ஹெக்டேர் நிலத்தை 50 மீட்டர் ஆழம் தோண்டினால் 5 லட்சம் கன மீட்டர் பள்ளம். அதாவது கன மீட்டருக்கு ஒரு ரூபாய். ஒரு டிராக்டர் மண் என்ன விலை என்று மேலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏலத்தில் எடுப்பவர்கள் தனியே பிணைத்தொகை கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பள்ளத்தை நிரப்ப உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டு அந்தப் பணத்தை முதலிலேயே வாங்கி வைக்காத வரை, மீட்புத் திட்டத்தில் வரையப்பட்டிருக்கும் பச்சை மரங்களை நான் நம்பத் தயாரில்லை.

தேடல் கட்டத்துக்கு நான் கேட்பது மிகச் சிறிய காரியம். துளையிடும் திட்டம் வரைபடத்தோடு, தமிழில், கிராமசபையில் முன்கூட்டியே வைக்கப்பட வேண்டும். சுற்றிலும் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் ரிக் வருவதற்கு முன்பு ஒருமுறையும் போன பின்பு ஒருமுறையும் அளந்து பதிய வேண்டும். ஒவ்வொரு துளையின் இடமும் ஆழமும், எதைக் கொண்டு என்றைக்கு அடைத்தார்கள் என்பதும், புல எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் ஏற வேண்டும். நிலத்தை வாங்குகிறவர் பட்டாவைப் பார்ப்பதுபோல அதையும் கேட்டுப் பார்க்க முடிய வேண்டும்.