கேள்வி எங்கே இருக்கிறது?

ஹட்டனில் வாப்பாவின் கடைக்கு மூன்று மொழியிலும் கேள்விகள் வரும். தோட்டத்து அக்கா "பருப்பு இருக்கா?" என்பார். சிங்களத்தில் அதுவே "பரிப்பு தியெனவாத?" தமிழில் 'ஆ', சிங்களத்தில் 'த'. கடைசி ஒலியே கேள்வியைச் சுமப்பதால் குரல் தாழ்ந்தாலும் குறையில்லை. ஆ, ஏ, ஓ மூன்றும் வினா என்று தொல்காப்பியமே சொல்கிறது.

எங்கோ இருக்கும் வியட்நாமியரும் இதில் நமக்கு நெருக்கம்தான். அவர்கள் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். 'மா' என்பது சமமான குரலில் பேய். குரல் உயர்ந்தால், தென்பகுதியில், அம்மா! அதனால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளின் கடைசியில், 'இல்லை' என்று பொருள்படும் சொல்லொன்றைப் பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள்.

சிவனொளிபாதமலைக்குப் போகும் வெள்ளைக்காரரோ "யூ ஹேவ் வாட்டர்?" என்பார். அதில் வினா எழுத்தே கிடையாது. கடைசியில் உயரும் குரல்தான் கேள்வி. நமக்குச் சிக்கல் இங்கேதான். "ஐ கேன் கோ, மிஸ்?" என்பதைத் தட்டையாகச் சொன்னால், அனுமதி கேட்டது அறிவிப்பாகிவிடும். கேட்பவருக்கு அது மரியாதைக் குறைவாகவும் படலாம். "கேன் ஐ கோ?" என்று சொற்களை மாற்றிப் போட்டால் தப்பலாம்.

அதற்காக எல்லாக் கேள்விக்கும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. "வேர் டூ யூ லிவ்?" என்பதில் குரல் பொதுவாக இறங்கும். கேள்விச் சொல்தான் முதலிலேயே வந்துவிட்டதே.