புறப்படும் முன் கேட்கப்பட்ட சம்மதம்

'மிஷனரி' என்ற சொல்லைக் கேட்டதும் எமது மன்னார்ப் பகுதியில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் அங்கி அணிந்த குருவானவர், அல்லது அருட்சகோதரி. 1687 இல் கோவாவிலிருந்து இலங்கை வந்து ஊர் ஊராக நடந்து பணி செய்த யோசேப் வாஸ் அடிகளாரை 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவரும் துறவியாகவே வந்தவர். ஆனால் திருமணம் முடித்த கையோடு கணவனும் மனைவியுமாகக் கப்பலேறி, திரும்பி வருவோமா என்பதே தெரியாமல் அந்நிய நாடுகளுக்குப் போன இளம் தம்பதியர் சிலரும் இருந்தார்கள். அவர்களது கதையின் ஒரு கிளை எமது யாழ்ப்பாணத்திலும் வேர் விட்டிருக்கிறது.

பிறந்த மண்ணை விட்டுப் போவது என்றால் என்னவென்று வெள்ளாங்குளத்துச் சகோதரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008 இல் சண்டை நெருங்கியபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தோம். அன்று யாரும் எம்மிடம் சம்மதம் கேட்கவில்லை. எனவே, சம்மதம் கேட்கப்பட்டுப் புறப்பட்ட பெண்களின் கதையை நாம் வேறொரு கண்ணோடு வாசிக்கலாம்.

தகப்பனுக்கு ஒரு கடிதம்

அமெரிக்காவில் வெளிநாட்டு மிஷன் பணிக்கென முதலாவது சபை 1810 இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் அணியில் போக முன்வந்தவர்களுள் ஒருவர் அதோனிராம் ஜட்சன். அவர் மணமுடிக்க விரும்பிய பெண் ஆன் ஹசல்டைன், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பிராட்ஃபர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஆசிரியை.

பெண் கேட்டு ஆனின் தகப்பனாருக்கு ஜட்சன் எழுதிய கடிதம் பிற்காலத்தில் மிகவும் பிரசித்தி பெற்றது. வழக்கமாகப் பெண் கேட்பவர்கள் மகளை நன்றாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுப்பார்கள். ஜட்சன் அப்படி எழுதவில்லை. மகளை இனி இவ்வுலகில் காணாமலே போகலாம், கடலும் காலநிலையும் நோயும் வறுமையும் அவமானமும் காத்திருக்கின்றன, கொடிய மரணம்கூட நேரலாம், இதற்கு நீங்கள் இணங்குவீர்களா என்று கேட்டிருந்தார். தகப்பனார் முடிவை மகளிடமே விட்டுவிட்டார். ஆன் யோசித்து, பயந்து, ஈற்றில் சம்மதித்தார்.

இதே காலத்தில், அதே பிராட்ஃபர்ட் பாடசாலையில் படித்த ஹரியட் அட்வூட் என்ற 17 வயதுப் பெண்ணையும் சாமுவேல் நியூவெல் என்ற இளம் போதகர் இதே பணிக்குத் துணையாக வரும்படி கேட்டார். ஹரியட்டின் தாய் ஒரு விதவை. அந்தத் தாயும் மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. கணவனை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்கு வளர்ந்த மகளை அனுப்பிவிடுவது எவ்வளவு பாரமான காரியம் என்பதை எமது வாசகிகள் அறிவார்கள்.

இரண்டு வாரத்துக்குள்

1812 பெப்ரவரி 5 ஆம் திகதி ஆனுக்கும் ஜட்சனுக்கும் திருமணம் நடந்தது. மறுநாள் சேலம் நகரத் தேவாலயத்தில் ஆண்கள் குருத்துவ அபிஷேகம் பெற்றார்கள். 9 ஆம் திகதி ஹரியட்டின் திருமணம். 19 ஆம் திகதி இரு தம்பதியரும் 'கரவன்' என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். மணக்கோலம் களைந்ததும் பிரயாண மூட்டை கட்டவே அந்தப் பெண்களுக்கு நேரம் சரியாக இருந்திருக்கும்.

மனத்தளவில் அவர்கள் மாதக்கணக்காகத் தம்மை ஆயத்தப்படுத்தியிருந்தார்கள். நடைமுறை ஆயத்தமோ மிகக் குறைவு. எந்த நாட்டில் குடியிருப்பது என்பதே உறுதியாகவில்லை. போகும் இடத்து மொழி தெரியாது. இந்தியாவை அப்போது ஆண்ட கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை உள்ளே விடுமா என்பதும் தெரியாது. மிஷன் சபையின் பதிவுகளில் மனைவிமார் 'உதவி மிஷனரி' என்றே குறிக்கப்பட்டார்கள். ஆபத்தில் சரிபாதி, அந்தஸ்தில் உதவியாளர்!

யூன் மாதம் கல்கத்தாவை அடைந்தபோது கம்பனி அவர்களை வெளியேறச் சொன்னது. அதே மாதம் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போரும் மூண்டது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஹரியட், கணவருடன் மொரீசியஸ் தீவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவிச்சியும் இல்லை, துணைக்கு ஒரு பெண்ணும் இல்லை. குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. தாய் 1812 நவம்பர் 30 ஆம் திகதி மொரீசியஸில் கண்ணை மூடினார். அவருக்கு அப்போது வயது 19. எந்த ஊரிலும் ஒரு நாள்கூடப் பணி தொடங்கியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பாதை

மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்த சாமுவேல் நியூவெல் தனியே 1813 இல் இலங்கைக்கு வந்தார். இந்தத் தீவில் பணி செய்ய வாய்ப்பு உண்டு என்று அவர் தாயகத்துக்கு எழுதினார். அதன் பயனாக 1816 இல் அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியை ஆரம்பித்தார்கள்.

1819 யூனில் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து அடுத்த அணி புறப்பட்டது. அதில் மைரன் வின்ஸ்லோவும் அவரது மனைவி ஹரியட் லத்ரொப்பும் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்த ஆண்டு ஜனவரியில்தான் திருமணமாகியிருந்தது. மைரன் வின்ஸ்லோவை அவரது தமிழ் - ஆங்கில அகராதி மூலம் தமிழுலகம் அறியும். அந்த அம்மையாரை அறிந்தவர்கள் குறைவு. 1820 இல் உடுவிலில் குடியேறிய அவர், 1824 இல் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024 இல் அதற்கு 200 வயதாகியது.

அவரும் விலை கொடுத்தார். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மூத்த மகன் சார்ள்ஸ் 1832 இல் அங்கே இறந்தான். தாய் 1833 ஜனவரியில், 36 வயதில், யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார். அவரது சகோதரிகள் மூவரும் பின்னர் மிஷனரிகளின் மனைவியராக இங்கு வந்தார்கள். 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் திருமணமே செய்யாமல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் படிப்பித்து, தாயகம் திரும்பாமலே இங்கு மறைந்தார்.

இன்று வெள்ளாங்குளத்தில் பஸ் ஏறினால் முழங்காவில், பூநகரி கடந்து, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். அங்கிருந்து உடுவில் கூப்பிடு தூரம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இவர்கள் வந்த நோக்கம் மதம் பரப்புவது. சைவக் குடும்பங்கள் பல இதை ஐயத்தோடும் வேதனையோடும் பார்த்தன. மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் இதற்கான பதிலே. இரு தரப்பாரும் போட்டியிட்டுப் பள்ளிக்கூடம் கட்டியதால் ஆதாயம் பெற்றவை எமது பிள்ளைகள்தான் என்பதும் வரலாறு.

சிறை வாசலில் நின்ற பெண்

கல்கத்தாவிலிருந்து பர்மாவுக்குப் போன ஆன் ஜட்சனின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. வீட்டு அலுவல்களுக்காக நாளாந்தம் அயலவரோடு பழகியதால் பர்மிய மொழியைப் பேசுவதில் அவர் கணவரையே முந்தினார். அந்த மொழிதான் பின்னர் அவருக்குக் கைகொடுத்தது.

1824 இல் பிரித்தானியாவுக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது, வெள்ளையர் எல்லாரும் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் ஜட்சனும் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அவர் கால் விலங்கோடு கிடந்தார். ஆன் அப்போது கர்ப்பிணி. நாளுக்கு நாள் அதிகாரிகளின் வாசலுக்கு நடந்தார். மனுக் கொடுத்தார், கெஞ்சினார், வாதாடினார், கையூட்டும் கொடுத்தார். சிறைக்குச் சாப்பாடு கொண்டு போனார். 1825 ஜனவரியில் மரியா என்ற மகளைப் பெற்றெடுத்தார். கைதிகளை அவருக்கு அறிவிக்காமல் வேறோர் இடத்துக்கு மாற்றியபோது, கைக்குழந்தையோடு தேடிப் பின்னால் போனார்.

அங்கே அவர் நோயில் விழுந்து, பால் வற்றியது. காவலர்களுக்கு ஏதோ கொடுத்து, கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குள் போக அனுமதி பெற்றார்கள். விலங்குக் காலோடு அந்த மனிதர் வீடு வீடாகப் போய்ப் பால் கொடுக்கும் தாய்மாரிடம் இரந்தார். பர்மியத் தாய்மார் பகைநாட்டவன் பிள்ளை என்று பார்க்காமல் பால் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

கணவர் விடுதலையானார். ஆன் 1826 ஒக்டோபரில், தன் 36 ஆவது வயதில், கணவர் அருகில் இல்லாத வேளையில் இறந்தார். ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள்.

முகாம் வாசலிலும் அலுவலக வாசலிலும் புகைப்படத்தோடு நின்ற எமது பெண்களையும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராட்டம் தொடங்கிய தாய்மாரையும் நினைக்காமல் இதை வாசிக்க முடியவில்லை.

எமக்கு இதில் என்ன இருக்கிறது?

எமது கிராமங்களிலும் யாரோ ஒருவர் புறப்படுவதற்கு எப்போதும் ஆயத்தமாகிக்கொண்டே இருக்கிறார். ஒரு வீட்டில் கனடா மாப்பிள்ளைக்கு மகளை அனுப்பும் ஏற்பாடு. இன்னொரு வீட்டில் தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். தேவ பணிக்கென்று கணவரோடு வெளிநாடு போக விரும்பும் இளம் தம்பதியரும் சபைகளில் இருக்கலாம். நோக்கம் வேறு வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

முதலாவது, அவளிடம் கேட்டீர்களா? பேச்சுக்கால் முடிந்து, நகை செய்த பிறகு கேட்பது கேள்வியே அல்ல. 'இல்லை' என்று சொல்ல இடமிருக்கும்போது கேட்பதுதான் கேள்வி.

இரண்டாவது, உண்மையைச் சொன்னீர்களா? ஜட்சன் ஆபத்துகளை மறைக்காமல் எழுதினார். எங்கள் ஏஜென்டுமாரும் தரகர்மாரும் சம்பளத்தைச் சொல்வார்கள், மற்றதைச் சொல்ல மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து, ஒப்பந்தத்தைத் தமக்கு விளங்கும் மொழியில் வாசித்த பின்பே கையொப்பமிட வேண்டும். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதி வீட்டிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அவளுக்கு மொழி தெரியுமா? ஆனைக் காப்பாற்றியது அவர் கற்ற மொழி. ஆறு மாதம் கிடைத்தால் அந்த ஆறு மாதமும் போகும் நாட்டுப் பாஷையைப் படிக்கட்டும்.

நான்காவது, கணவரோ வேலை கொடுத்தவரோ கைவிட்டால் அவள் யாரைத் தேடிப் போவாள்? மொரீசியஸ் கப்பலில் ஹரியட்டுக்கு ஒரு பெண் துணைகூட இருக்கவில்லை. போகும் ஊரில் ஓர் உறவினர், ஓர் ஆலயம், ஒரு தொலைபேசி இலக்கம், ஏதாவது ஒன்றையாவது மனப்பாடமாகக் கொடுத்தனுப்புங்கள்.

ஐந்தாவது, இங்கே விடப்படுபவர் யார்? வயதான தாய், பள்ளிக்குப் போகும் பிள்ளை. அவர்களுக்கும் ஆயத்தம் தேவை. அவர்களோடும் பேச வேண்டும்.

இந்த ஐந்து கேள்விகளையும் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் எடுத்துப் பேசிப் பாருங்கள். போக விரும்புகிறவளைத் தடுப்பது எமது வேலை அல்ல. விரும்பாதவளை அனுப்பாமல் காப்பதும், விரும்பிப் போகிறவள் கண் திறந்து போக உதவுவதும்தான் எமது வேலை. ஒருமுறை எம்மைக் கேட்காமலே இடம்பெயர்த்தார்கள். எமது பெண்பிள்ளைகளையாவது கேட்டு அனுப்புவோம்.