கேஸ் தீராது, கைக்காசுதான் தீரும்!



வெயிலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்த பரம்பரை நாம். அன்று லயத்து வீட்டுக்குப் பலகைச் சுவர் இருந்தது, பக்கத்தில் ரப்பர் மர நிழல் இருந்தது. பூச்சோங்கில் அந்த நிழல் போய்விட்டது. காசல்பீல்டு, கின்ராரா என்ற பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் நிற்கின்றன. மரம் நின்ற இடத்தில் தாரும் சிமெண்டும்தான். அடுக்குமாடி வீட்டுச் சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அனலைக் கக்குகிறது.

1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை வெயில் பதிவானதை நாடு மறக்கவில்லை. இந்த நிலையில், கைக்குழந்தையும் வயசான பெற்றோரும் உள்ள வீட்டில் ஏர்கோன் வாங்கினால் அதை ஆடம்பரம் என்று யார் சொல்ல முடியும்? தவணைக்கு எடுத்தாவது மாட்டுகிறோம். மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

“கேஸ் முடிஞ்சு போச்சுக்கா, ஏத்தணும்.”

இந்தப் பேச்சைக் கேட்காத வீடு உண்டா? வருஷா வருஷம் கேட்டு, வருஷா வருஷம் பணத்தை எண்ணிக் கொடுக்கிற குடும்பங்கள் எத்தனை! தோழர்களே, ஒன்றை மனத்தில் பதிய வையுங்கள். அடுப்புக் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏர்கோன் கேஸ் எரிவதே இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. பால் லோரி தோட்டத்தில் பாலை ஏற்றி, ஸ்டோரில் இறக்கிவிட்டு, மறுபடி தோட்டத்துக்கு வருமே, அது போல இந்தக் கேஸ் அறைக்குள் இருக்கும் சூட்டை ஏற்றி வெளியே கொண்டுபோய் இறக்குகிறது. வேலை அவ்வளவுதான்.

அப்படியானால் கேஸ் எப்படிக் குறையும்? எங்கேயோ ஒழுக்கு இருந்தால் குறையும். ஒழுக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டை வாளியில் பால் ஊற்றுகிற கதைதான். ஆகவே பழுது பார்க்க வருகிற தம்பியிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் அழுக்கைக் கழுவிப் பார்த்தாயா? அழுத்தமானியில் எவ்வளவு காட்டுகிறது? ஒழுக்கு எந்த இடத்தில்? நாணயமான தொழிலாளி சந்தோஷமாகப் பதில் சொல்வார். இந்தத் தொழிலில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு சிலர் செய்கிற ஏய்ப்பை எல்லார் தலையிலும் கட்டக்கூடாது.

குளிர் குறைந்தால் பல வீடுகளில் காரணம் கேஸ் அல்ல, தூசு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, முன்மூடியைத் திறந்து, பில்டர் வலையை உருவித் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். காசு செலவில்லாத வேலை. வீட்டுக்குள் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். வெளியே உள்ள பெட்டிக்கு முன்னால் துணி காயப் போடாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். ஆனால் மாடிச் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டியைக் கழுவ நீங்களே எட்டிப் பார்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து! அது பயிற்சி பெற்றவர் வேலை. நீட்டுக் கம்பியில் மற்ற சாமான்களோடு சேர்த்து ஏர்கோனைச் சொருகுவதும் கூடாது. கம்பி சூடாகித் தீப்பிடிக்கும்.

அடுத்தது பில். ஒரு குதிரைச் சக்தியுள்ள சாதாரண ஏர்கோன் ஓயாமல் ஓடினால் மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மேல் காற்றாடியோ இரவு முழுக்கச் சுற்றினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. சாதாரண ஏர்கோனில் 16 பாகை வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம். அதே வேகத்தில்தான் குளிரும். நிற்காமல் ஓடிக் கரண்டைத் தின்னும். அரசாங்க அலுவலகங்களுக்கே 24 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று 2011ல் சொல்லப்பட்டது. நாமும் 24ல் வைத்து, காற்றாடியை மெதுவாகச் சுற்ற விட்டு, சன்னலை அடைத்து, திரை போட்டால் போதும். 2025 ஜூலையில் வந்த தெனாகா கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்குக் கழிவு உண்டு. பில்லில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? ‘நம்ம தலையெழுத்து’ என்று உட்கார வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம்; வக்கீல் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது வேண்டும். என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பால் நிறுக்கும்போது கிராணி என்ன எழுதுகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்து நின்றவர்கள் நம் பெரியவர்கள். ஒரு ராத்தல் குறைந்தாலும் கேட்டார்கள். அந்தக் கண் இன்று ரசீதின் மேலும் மீட்டரின் மேலும் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதைப் படித்துச் சொல்லுங்கள்!