விசைத்தெளிப்பானுக்கு எந்த பெட்ரோல்?

மக்காச்சோளக் குருத்தில் படைப்புழுவின் எச்சம் தெரிகிறது. மறுநாள் காலையில் மருந்து அடித்தாக வேண்டும். மூன்று மாதமாக மோட்டார் ரூமில் கிடந்த விசைத்தெளிப்பானை எடுத்துக் கயிற்றை இழுத்தால், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக்கிடம் போனால் சீசன் நேரத்தில் இரண்டு நாள் ஆகும். அதற்குள் புழு குருத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும்; பிறகு அடிக்கும் மருந்து பாதிதான் கேட்கும்.

இப்படி ஒருமுறை பட்டவர்கள், அடுத்த தடவை பங்கில் விலை கூடின பெட்ரோலைக் கேட்டு வாங்குகிறார்கள். அது தேவையே இல்லை. 95, 100 என்று எழுதியிருப்பது ஆக்டேன் எண். இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது, பிளக் பொறி விழுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைத்தான் அது சொல்கிறது. அழுத்தம் அதிகமுள்ள சில கார், பைக்குகளுக்கு அது வேண்டும். தெளிப்பான், புல்வெட்டும் கருவி, மொபெட் ஆகியவற்றுக்குச் சாதாரண பெட்ரோலே போதும். கூடுதல் காசுக்குக் கூடுதல் இழுவை கிடைக்காது.

கவனிக்க வேண்டியது எத்தனால். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்துதான் அது தயாராகிறது. நாம் விற்ற சோளமே டேங்குக்குத் திரும்பி வருகிறது என்றும் சொல்லலாம்! லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய இரு சக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது.

எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். பழைய ரப்பர் டியூப்பும் வாஷரும் ஊறிக் கெடும். பாட்டிலில் பெட்ரோலையும் கொஞ்சம் தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி, அடியில் தண்ணீர் பெருகுவதைக் காட்டி, 'கலப்படம்' என்று செல்போனில் வீடியோ சுற்றுகிறது. அது கலப்படத்துக்குச் சான்றல்ல. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்வதால் வரும் பெருக்கம் அது. தரத்தில் சந்தேகம் வந்தால் பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். செய்துகாட்ட வேண்டியது அவர்கள் கடமை.

டூ ஸ்ட்ரோக் கருவிக்கு ஆயில் கலக்கும்போது கைக்கணக்கு ஆகாது. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. உங்கள் கருவிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் கரியடையும். ஃபோர் ஸ்ட்ரோக் கருவியில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவே கூடாது.

ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து, இறுக மூடும் கேனில் நிழலில் வையுங்கள். மருந்தடிப்பு முடிந்து கருவியை எடுத்துவைக்கும் முன் டேங்கைக் காலி செய்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் அதில் தீர்ந்துவிடும்.