பொய்யிரையும் மெய்மீனும்

தென்மேற் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கீழ்க்கரைக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் நின்று பொய்யிரை வீசுவதற்கு உகந்த காலம் அதுவே.

பாரையும் சீலாவும் சிறுமீனைத் துரத்தி உண்பவை. கரையோரத்திற் சூடை மேயுமாயின், அதனளவான வெள்ளித் தகடே முதற் கருவியாகும். எதிர்காற்றில் இலேசான மரமீன் தூரம் போகாது. 30 கிராம் தகடோ காற்றைக் கிழித்துச் செல்லும். 1852இல் அமெரிக்கரான ஜூலியோ புவெல் காப்புரிமை பெற்றதும் இத்தகைய கரண்டித் தகட்டுக்கே. கடையில் நம் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களை அதிகம் நம்ப வேண்டாம். சிவப்பு, ஆழம் கூடக் கூடக் கறுத்தே தோன்றும்.

தகடு நீரிற் சுழன்று தங்கூசியை முறுக்குமாதலின், இடையே ஒரு சுழலி வேண்டும். முடிச்சை இறுக்குமுன் உமிழ்நீரால் நனைத்தல் அவசியம். உலர்ந்த தங்கூசி உராய்வாற் சூடேறி வலுவிழக்கும்.

பாரைக்குத் தடித்த தங்கூசி போதும். சீலாவின் பற்களோ கத்தி! அதற்கு ஒரு சாண் உருக்குக் கம்பி கட்டாயம். கம்பி மினுங்கினால் மீன் ஐயுறும் என்று சிலர் அதனை விட்டுவிடுவர். நூல் அறுந்தால் நமக்குப் போவது ஒரு தகடு. மீனோ மூன்று முள்ளை வாயிற் சுமந்து திரிய நேரும். ஆகவே மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் பூட்டுதல் நன்று. அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டால், உடன்வரும் பிள்ளைகளின் விரலில் ஏறினும் எளிதிற் கழற்றலாம்.

வீடு திரும்பியதும் யாவற்றையும் நன்னீரிற் கழுவி உலர்த்துக. உப்புப் படிந்த முள் அடுத்த ஞாயிற்றுக்குள் துருவேறிவிடும்.