லோகோவிலேயே நிற்கும் பெட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பியபோது நிலையாக வரவில்லை. வந்தது, போனது, மறுபடி வந்தது. அதன்பின் வைஃபை பெட்டியில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தபடி நின்றது. பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ் லோகோவைத் தாண்டவில்லை. கடையில் கேட்டால் "போர்டு போச்சு" என்றார்கள்.

பெரும்பாலும் போர்டு போயிருக்காது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. அதன் மென்பொருள் முழுவதும் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. ஃபிளாஷில் 1-ஐ 0 ஆக மாற்றுவது எளிது. ஆனால் 0-ஐ மீண்டும் 1 ஆக்க வேண்டுமென்றால் ஒரு பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். நேண்ட் வகை ஃபிளாஷ் சிப்புகள் பலவற்றில் ஒரு பிளாக் 128 கிலோபைட். அழித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் மின்னூட்டம் அரைகுறையாக நிற்கும். அந்த இடம் ஒருமுறை 1 என்று படிக்கும், மறுமுறை 0 என்று படிக்கும். காலையில் ஓடிய பெட்டி மாலையில் ஹேங் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வைஃபை பெட்டியை விழுப்புரத்தில் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து, போர்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த நான்கு துளைகளைக் காட்டினார். அதுதான் சீரியல் போர்ட். கிரவுண்ட், அனுப்பும் கம்பி, பெறும் கம்பி ஆகிய மூன்றை மட்டும் 3.3 வோல்ட் யுஎஸ்பி மாற்றியில் இணைத்தார். நான்காவதான மின்சாரக் கம்பியைத் தொடவில்லை. லேப்டாப்பில் வேகத்தை 115200 என்று வைத்து சுவிட்சைப் போட்டதும், ஊமையாக நின்ற பெட்டி வரிவரியாகப் பேசத் தொடங்கியது.

கடைசி வரி எதுவோ அதில்தான் நோய் இருக்கிறது. ஒரு வரியும் வராவிட்டால் மின்சாரத்தையும், முதலில் ஓடி மற்றதை எழுப்பும் பூட்லோடரையும் சந்தேகிக்க வேண்டும். இயக்க முறைமையின் மையமான கெர்னல் தொடங்குகிறது என்று சொல்லி அமைதியானால், கெர்னல் கெட்டிருக்கலாம், அல்லது அதன் பேச்சு வேறு போர்ட்டுக்குப் போகலாம். ஜேஎஃப்எஃப்எஸ்2 போன்ற பழைய கோப்பு முறைகள் சிப் முழுவதையும் துழாவிய பிறகே எழும். அதை ஹேங் என்று நினைத்து அவசரமாக பிளக்கைப் பிடுங்குவது கொடுமை.

எங்கள் பெட்டி, மென்பொருள் கோப்புகள் இருக்கும் ரூட் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி நின்றது. பூட்லோடர் உயிரோடு இருந்தது.

2004 ஜனவரியில் செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியும் இப்படித்தான் சிக்கியது. ஃபிளாஷில் கோப்புகள் பெருகி, அவற்றின் பட்டியலை ஏற்ற நினைவகம் போதாமல், ஊர்தி திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி பொறியாளர்கள் பூமியிலிருந்து கட்டளை அனுப்பினார்கள். எழுந்தபின் கோப்புகளை அழித்து, ஃபிளாஷை ஃபார்மட் செய்தார்கள். ஊர்தி 2010 வரை பேசிக்கொண்டிருந்தது.

நண்பர் செய்ததும் அதே வைத்தியம்தான். பூட்லோடர் நொடிகளை எண்ணத் தொடங்கியதும் ஒரு விசையைத் தட்டி நிறுத்தினார். நெட்வொர்க் கேபிள் வழியாக மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். முடியும் வரை மின்கம்பியில் யாரையும் கை வைக்க விடவில்லை. சிப்பில் மூன்று பிளாக்குகள் கெட்டவை என்று பட்டியல் காட்டியது. பதறினேன். நேண்டில் அது பிறவியிலேயே வரும், பெட்டி அவற்றை ஒதுக்கிவிட்டே எழுதும் என்றார். திண்டிவனம் பஸ் ஏறும்போது பெட்டி என் மடியில் இருந்தது.