வானமே வாய்க்காலாக வந்த நஞ்சு

குடிநீரைக் காப்பதென்றால் கரையைக் காப்பதே என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கிணற்றுக்குக் கட்டு எழுப்புகிறோம். அதன் அருகே மலகூடம் அமையாதவாறு பார்த்துக்கொள்கிறோம். குளத்தில் விழும் கழிவு வாய்க்காலைத் திருப்பி விடுகிறோம். இவ்வளவும் செய்தபின் நீர் தூயதாகவே இருக்கும் என்று ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதல் போதாது என்பதை உலகத்துக்கு உணர்த்திய இடம் வட அமெரிக்காவின் பேரேரிப் பிரதேசமாகும்.

கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் சந்திக்கும் எல்லையை ஒட்டி சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்ராறியோ என்னும் ஐந்து ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன. பனிக்கட்டியாக உறைந்திராமல் நிலத்தின் மேலே காணப்படும் உலக நன்னீரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவற்றில் அடங்கியுள்ளது. சுப்பீரியர் ஏரி மட்டுமே 82,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. எமது இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள்ளே வைத்தாலும் சுற்றிவர நீர் மிஞ்சும்.

இந்த ஏரிகளின் கதை எமக்கு முற்றிலும் அந்நியமான கதையுமன்று. ரொறன்ரோ மாநகரிலும் அதன் அயலிலும் குடியேறி வாழும் எம்மவர் பல்லாயிரவரின் வீட்டுக் குழாய்களில் வருவது பெரும்பாலும் ஒன்ராறியோ ஏரியின் நீரே.

தீவுக்குள் ஓர் ஏரி

சுப்பீரியர் ஏரியின் வடமேற்கில் ஐல் றோயல் என்றொரு தீவு உண்டு. 1940ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகிறது. அங்கே தொழிற்சாலை இல்லை, பயிர்நிலம் இல்லை, மோட்டார் வாகனம் ஓடும் வீதியும் இல்லை. பனிக்காலத்தில் பிரயாணிகள் செல்லாதபடி தீவையே மூடிவிடுவார்கள். அத்தீவினுள்ளே சிஸ்கிவிற் என்ற சிற்றேரி ஒன்று இருக்கிறது. அதன் நீர்மட்டம் பேரேரியின் மட்டத்திலும் பார்க்க ஏறத்தாழ 17 மீற்றர் உயர்ந்தது. ஆகையால் சிற்றேரியின் நீர் கீழிறங்கிப் பேரேரியிற் சேரலாமேயன்றி, பேரேரியின் நீர் மேலேறி அதனுட் புகுவதற்கு வழியே இல்லை.

1970களில் வேலண்ட் சுவேன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இச்சிற்றேரியின் மீன்களைப் பரிசோதித்தார். மனிதர் கைபடாத நீரில் வளர்ந்த மீன்களில் நஞ்சு இராது என்பதே எவரும் எதிர்பார்க்கக் கூடியது. ஆனால் அம்மீன்களின் கொழுப்பிலே பி.சி.பி. எனப்படும் இரசாயனப் பொருள் இருந்தது. மின்சார நிலையங்களின் திரான்ஸ்போமர்களில் எண்ணெயாக ஊற்றப்பட்டு வந்த பொருள் அது. அதனோடு ரொக்சபீன் என்ற கிருமிநாசினியும் காணப்பட்டது. ரொக்சபீனோ, ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றருக்கு அப்பால், அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பருத்தித் தோட்டங்களுக்குத் தெளிக்கப்பட்ட மருந்து. ஆறும் கொண்டுவரவில்லை, வாய்க்காலும் கொண்டுவரவில்லை என்றால், அவற்றைக் கொண்டுவந்தது யார்? காற்றுத்தான்.

நஞ்சு பறக்கும் விதம்

தட்டில் வைத்த கர்ப்பூரம் எவரும் தொடாமலே நாளடைவிற் கரைந்து காற்றோடு போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம். இந்த இரசாயனங்களின் இயல்பும் அத்தகையதே. வெப்பமான நிலத்திலே அவை சிறிது சிறிதாக ஆவியாகி எழும், காற்றோடு செல்லும், குளிர்ந்த இடத்தை அடைந்ததும் மீண்டும் இறங்கும். மழையோடும் பனியோடும் விழுவது ஒரு வழி. தூசியில் ஒட்டிக்கொண்டு படிவது இன்னொரு வழி. மூன்றாவது வழி கண்ணுக்குப் புலப்படாதது: நீரின் மேற்பரப்பே காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சிக்கொள்கிறது.

சுப்பீரியர் ஏரிக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்பு, ஏரியின் பரப்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மட்டுமே. அதாவது, அப்பிரதேசத்தில் விழும் மழையிற் கணிசமான பங்கை ஏரி தன் முகத்திலேயே நேராக ஏற்றுக்கொள்கிறது. 1980களிற் செய்யப்பட்ட மதிப்பீடுகளின்படி, அவ்வேரியை அடைந்த பி.சி.பி.யில் பத்தில் ஒன்பது பங்களவு வானிலிருந்தே வந்தது. வந்தது விரைவிற் போய்விடுமா என்றால் அதுவுமில்லை. ஈரி ஏரியின் நீர் மூன்று ஆண்டுகளுக்குள் மாறிவிடும். சுப்பீரியரின் நீர் முழுவதும் மாறுவதற்கோ ஏறத்தாழ 190 ஆண்டுகள் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாட்டன் காலத்தில் விழுந்ததைப் பேரனின் பேரனும் காண நேரும்.

உணவுமேசைக்கு வந்த நஞ்சு

ஏரிநீரிற் கரைந்துள்ள நஞ்சின் அளவு மிக மிக அற்பம். அந்நீரைச் சுத்திகரித்துப் பருகுவோர் இதன் பொருட்டு அஞ்ச வேண்டியதில்லை. இடர் இருப்பது மீனிலேதான். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரு மீன் உண்கிறது. பெரு மீனைப் பறவையும் மனிதரும் உண்கின்றனர். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போய், முடிவில் நீரிலிருந்ததிலும் பல இலட்சம் மடங்காகிறது.

இதன் விளைவை ஒரு தம்பதியர் பொறுமையுடன் ஆராய்ந்தனர். யோசப் யேக்கப்சன், சண்ட்ரா யேக்கப்சன் என்னும் உளவியல் அறிஞர்கள், மிச்சிகன் ஏரி மீனை உண்ட தாய்மாரின் குழந்தைகளை 1980களின் தொடக்கம் முதல் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பதினொரு வயதானபோது 212 பேரைச் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். கருவில் இருந்தபோது பி.சி.பி. மிக அதிகமாகச் சேர்ந்த பிள்ளைகள் விவேகச் சோதனையிற் பின்தங்கும் வாய்ப்பு ஏனையோரைவிட மூன்று மடங்கு கூடியதாக இருந்தது. வாசிப்பிலே இரண்டு ஆண்டுகளாவது பின்தங்கும் வாய்ப்பு இரு மடங்காயிற்று. தாய்ப்பாலால் இக்குறை நேர்ந்ததாக அவர்கள் காணவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கருவிலே பெற்றதே கேடு விளைத்தது.

சமையலறையில் இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. பி.சி.பி. கொழுப்பிற் சேர்வது. எனவே தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, எண்ணெய் வடிந்து போகும்படி சுட்டெடுத்தால் பெருமளவு குறையும். ஆனால் பாதரசத்துக்கு அந்தப் பரிகாரமும் இல்லை. நிலக்கரி எரியும் புகைபோக்கிகளிலிருந்து எழும் பாதரச ஆவி மாதக்கணக்கிற் காற்றிலே உலவிப் பின்னர் நீரில் விழுகிறது. அங்கே பக்டீரியாக்கள் அதனை உயிர்களின் உடலிற் சேரும் கொடிய வடிவமாக மாற்றுகின்றன. அது மீனின் தசையிலேயே தங்கும். எந்தச் சமையலாலும் நீங்காது. கர்ப்பிணிகளும் சிறுவரும் பெரிய, முதிர்ந்த மீன்களைத் தவிர்த்துச் சிறியவற்றை அளவோடு உண்பதே வழி. எந்த நீர்நிலையில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசாங்கம் வழிகாட்டி வெளியிட்டு வருகிறது. கனடாவில் மீன் பிடித்து உண்ணும் எம்மவர் அதனைப் பார்த்துக்கொள்வது நன்று.

இதனால் மிகுந்த இழப்புக்கு உள்ளானவர்கள் அந்நாட்டின் ஆதிக்குடிகளான ஒஜிப்வே மக்கள். இளவேனிற்காலத்து இரவுகளில் விளக்கொளியில் ஈட்டி எறிந்து மீன் பிடிப்பது அவர்களுக்கு உணவு மட்டுமன்று. முன்னோரின் மரபும், உடன்படிக்கைகளால் உறுதிசெய்யப்பட்ட உரிமையுமாகும். இன்று அவர்களுடைய ஆணைக்குழு, ஏரிதோறும் பாதரச அளவைக் காட்டும் படங்களை அச்சிட்டுக் குடும்பங்களுக்கு வழங்குகிறது. நிலக்கரியை எரித்தவர் வேறொருவர். பாட்டி சமைத்த மீனைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்குமுன் படத்தைப் பார்க்க வேண்டியவர் இன்னொருவர்.

உயர்ந்த புகைபோக்கி

ஹியூரன் ஏரிக்கு வடக்கே சட்பரி நகரத்தில் நிக்கல் உருக்கும் ஆலைகள் உள. அவற்றின் கந்தகப் புகையால் நகரைச் சூழ்ந்த குன்றுகள் மரஞ்செடியின்றிக் கருமை படிந்து கிடந்தன. நகரத்தாரின் துன்பத்தைத் தணிக்க, 1972இல் 381 மீற்றர் உயரமான புகைபோக்கி ஒன்று எழுந்தது. நகரத்துக்குக் காற்று இலேசாயிற்று. ஆனால் புகை மறையவில்லை, தொலைவுக்குச் சென்றது. முன்னரே, 1966 முதல், ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஹரல்ட் ஹாவியும் அவரது மாணவர் றிச்சட் பீமிசும், அப்பகுதிக் குன்றுகளிடையேயுள்ள லம்ஸ்டன் என்னும் சிற்றேரியிலும் அயல் ஏரிகளிலும் மீனினங்கள் ஒவ்வொன்றாய் அழிவதைக் கண்டிருந்தனர். அமில மழையே காரணம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். தன் முற்றத்துக் குப்பையை அயலான் வேலிக்கு மேலாக எறிவது போன்றதே உயர்ந்த புகைபோக்கி என்பது அப்போது விளங்கிற்று.

பின்னர் புகையே குறைக்கப்பட்டது. நகரமக்களும் மாணவரும் 1978 முதல் குன்றுகளிற் சுண்ணாம்புக் கல்லைத் தூவினர், மரங்கள் நட்டனர். நடப்பட்ட மரங்களின் தொகை 2022இல் ஒரு கோடியை எட்டியது. அப்புகைபோக்கி 2020இல் ஓய்வு பெற்றது. ஏரிகள் பலவற்றில் மீன் திரும்பியிருக்கிறது.

இரு நாடுகளின் முயற்சி

பேரேரிகளின் நீரைக் காப்பதற்கு இரு நாடுகளும் 1972இல் ஓர் உடன்படிக்கை செய்தன. வானிலிருந்து வரும் நஞ்சையும் அளக்க வேண்டும் என 1987இல் அதனுடன் சேர்த்தன. 1990 முதல் ஏரிக்கரைகளில் நிலையங்கள் அமைத்துக் காற்றையும் மழையையும் இடைவிடாது சோதித்து வருகின்றனர். பி.சி.பி. உற்பத்தியை அமெரிக்கா 1979இல் தடைசெய்தது. ரொக்சபீன் 1990இல் முற்றாக விலக்கப்பட்டது. ஒன்ராறியோ மாகாணம் 2014இல் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிப்பதையே நிறுத்திவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சாசனம் 2017இல் நடைமுறைக்கு வந்தது.

பலன் கிடைக்காமலில்லை. மீன்களிலும் கடற்காக முட்டைகளிலும் பி.சி.பி. வெகுவாகக் குறைந்திருக்கிறது. காற்றுத் தூயதானபோது வேறொரு புதுமையும் காணப்பட்டது. தான் முன்னே உட்கொண்ட நஞ்சை ஏரி ஆவியாக வெளிவிடத் தொடங்கியது. எனினும் இந்த விடுதலை மெதுவாகவே நடக்கிறது. சிக்காகோ போன்ற நகரங்களின் பழைய கட்டடங்களிலும் கருவிகளிலும் எஞ்சியிருக்கும் பி.சி.பி. இன்றும் மிச்சிகன் ஏரிக்கு மேலாக வீசும் காற்றிற் கலக்கிறது. தடை விதித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதுவே நிலை.

பெரிய ஆலைகளை அடக்கியபின், டயொக்சின் என்ற கொடிய நஞ்சு இன்னமும் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். வீட்டுக் கொல்லையிலே பீப்பாய்களில் எரிக்கப்படும் குப்பை அதன் முக்கிய காரணங்களில் ஒன்று எனத் தெரியவந்தது. பிளாஸ்டிக்கும் கடதாசியும் ஒன்றாய்க் குறைந்த சூட்டிற் புகையும்போது அந்நஞ்சு பிறக்கிறது. அது புல்லிற் படிந்து பசுவின் பாலிற் சேர்கிறது. நீரில் விழுந்து மீனிற் சேர்கிறது. புகை எழும் கொல்லை எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நியதி மாறாது. கிணற்றுக் கட்டைக் கழுவித் துப்புரவாக வைத்திருக்கும் நம் வீட்டார், மாலையிற் குப்பைக்கு நெருப்பு வைக்குமுன் பிளாஸ்டிக்கை வேறாகப் பிரித்து வைப்பார்களாயின், அது தம் பிள்ளைகளுக்கும் அயலார் பிள்ளைகளுக்கும் செய்யும் சிறந்த தொண்டாகும்.